பெருங்குடற் புற்றும் சுற்றுத்திசுவும்

அறிவியல் உரைகளைத் தமிழாக்கும் பணியில் உள்ளவனுக்குச் சில சொற்கள் நாட்கணக்கில் தொல்லை தருவதுண்டு. பெருங்குடற் புற்றுநோயின் தொடக்க நிலை பற்றிய ஓர் ஆய்வுரையை அண்மையில் மொழிபெயர்க்க நேர்ந்தது. கட்டியைச் சூழ்ந்துள்ள நாரணுக்கள், குருதிக் குழல்கள், வெள்ளணுக்கள், அவற்றினிடையே படர்ந்துள்ள கொலாஜன் வலை ஆகிய அனைத்தையும் ஒருங்கே குறிக்க ஒரு சொல் வேண்டியிருந்தது. 'சுற்றம்' என்று எழுதினேன். உடன் பணியாற்றும் மூத்தவர் அதைப் படித்துவிட்டு, "சுற்றம் என்றால் உறவினர் அல்லவா? நோய்க்கும் உறவினர் உண்டோ?" என்று நகைத்தார். பிறகு 'சுற்றுத்திசு' என மாற்றிக் கொடுத்தேன். ஆயினும் அவர் நகைப்புக்கு இடமாகக் கொண்ட பொருளே உண்மைக்கு அண்மையில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். மருத்துவன் அல்லாத ஒருவனது கருத்து இஃது என்பதை வாசகர் மனத்திற் கொள்வாராக.

நம் பள்ளிகளில் தொங்கும் படங்களும், நலவாழ்வு முகாம்களில் வழங்கப்படும் துண்டு வெளியீடுகளும் புற்றுநோயை ஒரே வகையிலேதான் விளக்குகின்றன. உடலின் உயிரணு ஒன்று கெட்டுப்போகிறது, கட்டுக்கடங்காது பெருகுகிறது, கட்டியாகிறது, பரவுகிறது. உடலின் காவற் படையாகிய வெள்ளணுக்கள் அதனை எதிர்த்துப் போரிடுகின்றன. படை தோற்றால் நோய் வெல்கிறது. இவ்விளக்கத்தை மொழிபெயர்த்து வெளியிட்டவர்களுள் நானும் ஒருவன். இது முழுப் பொய் அன்று. ஆனால் பாதிக் கதை. பாதிக் கதையைக் கற்றவர்கள் அதனைக் கொண்டு செய்யும் தவறுகள் சிறியன அல்ல.

நான் பிறந்து வளர்ந்த ஊர் பங்காருபேட்டை. பௌரிங்பேட்டை என்று வெள்ளையர் காலத்தில் வழங்கிய அதே ஊர். கோலார் தங்க வயலுக்குச் செல்லும் கிளை இருப்புப் பாதை இங்குதான் பிரிகிறது. எங்கள் பகுதியில் சுரங்கத்தில் உழைத்து ஓய்வு பெற்ற முதியவர் இல்லாத தெருவே கிடையாது. இரவெல்லாம் அவர்கள் இருமும் ஒலி கேட்டே சிறுவர்களாகிய நாங்கள் உறங்கினோம். 'கல்தூசி நெஞ்சில் தங்கிவிட்டது' என்பார்கள். கல்தூசிதான் நோய் என்றே நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன்.

பிற்காலத்தில் சிலிக்கோசிஸ் பற்றிய நூல்களைப் படித்தபோதுதான் செய்தி வேறு என்பது விளங்கிற்று. தங்கம் கலந்த குவார்ட்சுப் பாறையைத் துளையிடும்போது எழும் நுண்துகள்கள் நுரையீரலின் கடைசிச் சிற்றறைகள் வரை சென்று சேர்கின்றன. அங்குள்ள விழுங்கணுக்கள் தம் கடமைப்படி அவற்றை விழுங்குகின்றன. ஆனால் படிகச் சிலிக்காவைச் செரிக்க எந்த உயிரணுவாலும் இயலாது. விழுங்கிய அணு சிதைகிறது. சிதையும்போது அழற்சியைத் தூண்டும் பொருள்களை வெளியிடுகிறது. துகளும் வெளிப்பட்டு அடுத்த விழுங்கணுவிற் சேர்கிறது. இச்சுழற்சி ஓய்வதில்லை. காயம் ஏற்பட்டதென்று கருதி நாரணுக்கள் விரைந்து வந்து கொலாஜன் நாரை வளையம் வளையமாகச் சுற்றி வைக்கின்றன. நுரையீரல் இறுகிப்போவது அந்த நாரினாலே. தூசியை விட்டு விலகி ஆண்டுகள் பல ஆன பின்னரும் நோய் முற்றிக்கொண்டே போவது ஏன் என்பதற்கும் இதுவே விடை. கோலார்ச் சுரங்கத் தொழிலாளரிடையே இந்நோய் பற்றிய ஆய்வு 1947-இல் வெளியாயிற்று. இந்தியாவில் இத்துறையின் முன்னோடி அறிக்கைகளுள் ஒன்றாக அஃது இன்றும் சுட்டப்படுகிறது. சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. மூடிய பின்னும் இருமல் ஓயவில்லை. படிகச் சிலிக்காத் தூசி நுரையீரற் புற்றுக்கும் காரணமாகும் என்பதைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1997-இல் உறுதிப்படுத்தியது.

கல்லை விடக் கல்லுக்கு உடல் அளிக்கும் மறுமொழியே அழிவு செய்கிறது என்பதைத் தங்க வயல் மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. சொற்கள் தெரியாவிடினும் பொருளை அவர்கள் அறிவர். பெருங்குடற் புற்றின் தொடக்கத்தைப் புரிந்துகொள்வதற்கும் இதே அறிவு உதவும்.

இனிப் பெருங்குடலுக்கு வருவோம். அதன் உட்புறச் சளிப்படலம் தட்டையான பரப்பு அன்று. இலட்சக் கணக்கான நுண்குழிகள் நெருங்கி அமைந்த பரப்பு அது. ஒவ்வொரு குழியின் அடியிலும் சில தாயணுக்கள் உள்ளன. அவை பிரிந்து பிரிந்து புதிய அணுக்களை மேலே தள்ளுகின்றன. ஏறத்தாழ ஐந்து நாட்களுக்குள் மேல் விளிம்பை அடைந்த அணுக்கள் உதிர்கின்றன. இவ்வளவு விரைவாகப் புதுப்பிக்கப்படும் இடத்தில் ஒழுங்கு எவ்வாறு காக்கப்படுகிறது? அணுவினுள் உள்ள மரபுப் பொருள் மட்டும் இதனைச் செய்வதில்லை. குழியின் அடிப்பகுதியைச் சூழ்ந்திருக்கும் நாரணுக்கள் 'பிரிந்து பெருகு' என்னும் வேதிக் குறிப்பை அங்கே அனுப்புகின்றன. மேற்பகுதியைச் சூழ்ந்தவை 'நிறுத்து, முதிர்ச்சி பெறு' என்னும் குறிப்பை அனுப்புகின்றன. ஆகவே அணு எங்கு நிற்கிறதோ அவ்விடமே அதன் நடத்தையைப் பெரிதும் வரையறுக்கிறது. ஆசிரியர்கள் இதனை நாற்றங்காலுக்கும் நடவு வயலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு விளக்கலாம்.

மரபணுப் பிறழ்ச்சி இன்றிப் புற்றுநோய் இல்லை. இதில் ஐயத்துக்கு இடமே இல்லை. அமெரிக்க அறிஞர் போகல்ஸ்டைனும் அவர் குழுவினரும் 1988-லும் 1990-லும் வெளியிட்ட ஆய்வுகள், சளிப்படலத்திற் தோன்றும் சிறு மொட்டுக்கட்டி படிப்படியாகப் புற்றாக மாறும்போது எந்தெந்த மரபணுக்கள் பழுதுபடுகின்றன என்பதை வரிசைப்படுத்தின. அவ்வரிசை பாடநூல்களில் நிலைபெற்றுவிட்டது. ஆனால் 2019-இல் வெளியான ஓர் ஆய்வு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. நலமுள்ள பெருங்குடலிலிருந்து குழிகளைத் தனித்தனியே பிரித்தெடுத்து அவற்றின் மரபுக் குறியீட்டைப் படித்தனர். நடுவயதினரின் குழிகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றில், புற்றுக்கு வழிகோலும் பிறழ்ச்சி ஏற்கெனவே இருந்தது! நூற்றுக்கு ஒன்று எனின், ஒருவர் குடலில் பல்லாயிரம் குழிகள். ஆனால் அவருட் பெரும்பாலோருக்குப் பெருங்குடற் புற்று வாழ்நாள் முழுவதும் வருவதில்லை. விதைகள் எங்கும் சிதறிக் கிடக்கின்றன. முளைப்பவை மிகச் சில. ஏன்?

விதை, மண் என்னும் உவமை புதியதன்று. இலண்டன் மருத்துவர் ஸ்டீபன் பாகெட், மார்பகப் புற்றினால் இறந்த 735 பெண்களின் பிணஆய்வுக் குறிப்புகளை ஆராய்ந்து 1889-இல் இதனைக் கூறினார். புற்று பரவும்போது எல்லா உறுப்புகளிலும் சமமாகப் பரவுவதில்லை. தனக்கு ஏற்ற மண்ணைக் கண்டவிடத்தே வேரூன்றுகிறது என்பது அவர் கொள்கை. அவருக்கு முன்னரே ஜெர்மானியப் பேரறிஞர் பிர்ச்சோவ் 1863-இல், கட்டிகளினுள் வெள்ளணுக்கள் குவிந்திருப்பதைக் கண்டு, நாட்பட்ட அழற்சிக்கும் புற்றுக்கும் தொடர்பு உண்டெனக் கருதினார். 1986-இல் ஹெரால்டு டிவோரக், கட்டிகள் ஆறாத புண்களைப் போன்றவை என்று எழுதினார். புண்ணை ஆற்ற வரும் நாரணுக்களும் குருதிக் குழல்களும் விழுங்கணுக்களும் கட்டியையும் அவ்வாறே சூழ்கின்றன; புண் ஆறியதும் கலைந்து செல்ல வேண்டியவை இங்கே கலைவதில்லை. தங்க வயல் முதியவரின் நுரையீரலில் நிகழ்ந்ததும் ஏறத்தாழ இதுவே அன்றோ?

வேறொரு சான்றும் உண்டு. எனக்கு மிகவும் வியப்பளித்தது இது. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், எலிகளின் டி-நிணவணுக்களில் மட்டும் ஸ்மாட்-4 என்னும் மரபணுவை நீக்கினர். குடலின் படல அணுக்களைத் தொடவே இல்லை. அந்த எலிகளின் உணவுப் பாதையிற் புற்றுக் கட்டிகள் தோன்றின. அதே மரபணுவைப் படல அணுக்களில் மட்டும் நீக்கியபோது அவ்வாறு நிகழவில்லை. கெட்டுப்போனது காவலன், நோயுற்றது வீடு. எலியிற் கண்டதனைத்தும் மனிதருக்குப் பொருந்தும் என்று சொல்ல இயலாது. எனினும் 'கெட்ட அணு ஒன்று' என்னும் பழைய படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதனை விளக்கவும் இயலாது.

மனிதரிடத்தில் இதற்கு இணையாகக் காணத்தக்கது பெருங்குடற் புண் அழற்சி நோய். இந்நோய் உடையவர்களுக்கு ஆண்டுகள் ஏற ஏறப் புற்று வரும் வாய்ப்பும் ஏறுகிறது. அழற்சி பரவியுள்ள நீளம் அதிகமாயின் வாய்ப்பும் அதிகம். இவர்களுக்கு வரும் புற்றில் மரபணுக்கள் பழுதுபடும் வரிசைகூட மாறியிருக்கிறது. வழக்கமான புற்றில் பிந்திப் பழுதாகும் பி-53 மரபணு இங்கே முந்திப் பழுதாகிறது. மண் மாறினால் விதை முளைக்கும் முறையும் மாறுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

அழற்சி நோய் இல்லாதவரிடத்தும் சிறு அளவில் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் நம் திசுவுக்கும் இடையே ஒரு சளித்திரை உள்ளது. தொடக்க நிலை மொட்டுக்கட்டியின் மேல் இத்திரை செவ்வையாக அமைவதில்லை. 2012-இல் எலிகளில் நிகழ்த்திய ஆய்வு ஒன்று, அவ்விடத்தின் வழியே நுண்ணுயிர்ப் பொருள்கள் உட்புகுவதையும், அதைக் கண்ட வெள்ளணுக்கள் சுரக்கும் அழற்சிப் பொருள்கள் கட்டியின் வளர்ச்சியையே ஊக்குவிப்பதையும் காட்டியது. காவலர் வந்ததே கட்டிக்கு உரமாயிற்று. அதே ஆண்டில் ஃபியூசோபாக்டீரியம் என்னும் நுண்ணுயிர் பெருங்குடற் புற்றுக் கட்டிகளில் மிகுந்திருப்பதை இரு குழுக்கள் தனித்தனியே கண்டன. அது காரணமா, அல்லது தனக்கு வாய்ப்பான இடம் கண்டு குடியேறியதா என்னும் வழக்கு இன்னும் நடைபெறுகிறது.

ஆனால் வெள்ளணுக்கள் எப்பொழுதும் தீமையே செய்கின்றன என்று எவரும் கொள்ளலாகாது. பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் ழெரோம் கலோனும் அவர் குழுவினரும் 2006-இல், பெருங்குடற் கட்டியினுள்ளும் அதன் விளிம்பிலும் எவ்வகை நிணவணுக்கள், எத்தனை, எங்கே உள்ளன என்று எண்ணினர். கொல்லும் வகை டி-அணுக்கள் செறிந்திருந்த நோயாளிகள் அறுவைக்குப் பின் நலமுடன் நெடுநாள் வாழ்ந்தனர்; அவை அருகியிருந்தவர்களுக்கு நோய் மீண்டது. இம்முறை 13 நாடுகளைச் சேர்ந்த 14 மையங்களிற் சோதிக்கப்பட்டு 2018-இல் உறுதி பெற்றது. அந்நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. பரம்பரையாக வரும் லிஞ்ச் நோய்க்குறியில், கட்டியணுக்கள் மிகுதியான பிறழ்ச்சிகளைக் கொண்டிருப்பதால் அவற்றை அயலாராக நிணவணுக்கள் எளிதில் இனங்காண்கின்றன. இத்தகைய பிறழ்ச்சி கொண்ட மலக்குடற் புற்றுடைய 12 பேருக்கு, நிணவணுக்களின் தடையை நீக்கும் மருந்து மட்டும் அளித்ததில் பன்னிருவருக்கும் கட்டி மறைந்த செய்தி 2022-இல் வெளிவந்தது. சிறு எண்ணிக்கைதான். எனினும் கத்தியும் கதிரும் இன்றி இது நிகழ்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆக, ஒரே வெள்ளணுக் கூட்டம் ஓரிடத்தில் காக்கிறது, வேறிடத்தில் வளர்க்கிறது. எவ்வகை அணு, எப்பொழுது, எங்கே என்பதைப் பொறுத்தது அது. இதனாலேயே 'படை', 'போர்', 'வெற்றி', 'தோல்வி' என்னும் சொற்களை நம் வெளியீடுகளிலிருந்து குறைக்க வேண்டும் என்கிறேன். இது மொழிபெயர்ப்பாளனின் வீண் பிடிவாதம் என்று சிலர் கருதலாம். அவர்கள் எங்கள் ஊர்ச் சந்தைக்கு ஒரு முறை வந்து பார்க்கட்டும். 'எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும். புற்றுநோயை அண்ட விடாது' என்று கூறிப் பொடிகளையும் குடிநீர்களையும் விற்போர் அங்கே பலர். கூலிக்காரர் ஒருவர் இரண்டு நாள் ஊதியத்தைக் கொடுத்து ஒரு புட்டியை வாங்கிச் செல்வதை நான் கண்டிருக்கிறேன். படை என்று நாம் கற்பித்தோம்; படைக்குச் சோறு போட வேண்டும் என்று வணிகன் சொன்னான்; அவர் நம்பினார். நோயெதிர்ப்பு என்பது குடத்து நீரைப்போல் கூட்டிக் குறைக்கும் ஒற்றை அளவு அன்று என்பதை நாம் முன்னரே கற்பித்திருந்தால் அந்த வணிகம் இவ்வளவு எளிதாக நடைபெறாது.

இவ்வளவு நுட்பம் களப்பணியாளருக்கு எதற்கு என்னும் கேள்வியையும் எதிர்பார்க்கிறேன். அறிகுறியைச் சொல்லி மருத்துவமனைக்கு அனுப்பினாற் போதாதா? போதாது. காரணம் தெரியாமற் சொல்லப்படும் அறிவுரை ஒருமுறை மறுக்கப்பட்டதும் வாயடைத்துப் போகிறது. மொட்டுக்கட்டி புற்றாக மாறுவதற்குப் பெரும்பாலும் பத்தாண்டு அல்லது அதற்கு மேலும் ஆகிறது. அத்தனை ஆண்டுகளும் விதைக்கும் மண்ணுக்கும் இடையே வழக்கு நடக்கிறது. அதனுள் எந்நாளிலும் அகநோக்குக் கருவியால் அந்த மொட்டைக் கிள்ளி எடுத்துவிடலாம். 'புற்று என்றால் விதி. வந்தால் போக வேண்டியதுதான்' என்று சொல்லும் குடும்பத்தாருக்கு மறுமொழி கூற, இந்தப் பத்தாண்டுக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

மண்ணை மாற்ற மருந்து உண்டா? ஓரளவு உண்டு. அழற்சியை அடக்கும் ஆஸ்பிரின், லிஞ்ச் நோய்க்குறி உடையவர்களுக்கு நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் வீதம் ஈராண்டுகளோ அதற்கு மேலோ அளிக்கப்பட்டபோது, பின்னாளில் பெருங்குடற் புற்று வருவது குறைந்ததை 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. இதைப் படித்தவுடன் எல்லோரும் ஆஸ்பிரினை வாங்கி விழுங்கத் தொடங்கலாகாது. இரைப்பையிலும் மூளையிலும் குருதி கசிய வைக்கும் இயல்பு அதற்கு உண்டு. மருத்துவர் ஆணையின்றி ஒருவரும் இதனை நாட வேண்டா என்பதை வகுப்பறையிலும் வீட்டு வாயிலிலும் அழுத்திச் சொல்க. புகையிலையையும் மதுவையும் விலக்குதல், நார்ப்பொருள் மிக்க உணவு, உடலுழைப்பு, உடற்பருமன் ஏறாது காத்தல் ஆகியன பழைய அறிவுரைகளே. இவையும் மண்ணைத் திருத்தும் செயல்களே.

நம் நாட்டில் பெருங்குடற் புற்று மேலை நாடுகளைக் காட்டிலும் பன்மடங்கு குறைவு. ஆதலின் 2016-இல் மத்திய அரசு வகுத்த மக்கள்திரள் பரிசோதனை நெறியில் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுகளே இடம்பெற்றன. அதனைக் குறை கூறேன். கிடைக்கும் பொருளை எங்கே செலவிடுவது என்பதில் அது நேர்மையான முடிவு. ஆனால் பட்டியலில் இல்லாதது நினைவிலும் இல்லாமற் போகிறது. இங்கே இந்நோய் மேலை நாடுகளினும் இளவயதினரிடம் காணப்படுகிறது. மலக்குடலில் மிகுதியாகத் தோன்றுகிறது. முற்றிய நிலையிலேயே பெரும்பாலும் மருத்துவரிடம் வந்து சேர்கிறது. எங்கள் தெருவில் நாற்பது வயது நிரம்பாத ஒருவர், மலத்துடன் குருதி வந்ததை மூலம் என்று தாமே முடிவு செய்து, ஓராண்டுக் காலம் களிம்பு பூசிக்கொண்டிருந்தார். பெங்களூருக்குச் சென்று காட்டியபோது கட்டி குடற்சுவரைக் கடந்திருந்தது. விரல் நுனியால் அறியத்தக்க இடத்தில் இருந்த கட்டி அது.

பொதுமக்கள் அனைவரையும் சோதிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள் அன்று. வீடு வீடாகச் செல்லும் பணியாளர், மூன்று புற்றுகள் பற்றிக் கேட்கும்போதே நான்காவதாகச் சில கேள்விகளையும் சேர்த்துக் கேட்கலாம். மலத்தில் குருதி ஆறு கிழமைக்கு மேல் தொடர்கிறதா? மலங்கழிக்கும் பழக்கம் காரணமின்றி மாறியுள்ளதா? பெற்றோர், உடன்பிறந்தோர் எவருக்கேனும் குடற்புற்று, அதுவும் ஐம்பது வயதுக்கு முன் வந்ததுண்டா? இன்னொன்று. ஆண்மகனுக்கோ மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ குருதிச் சோகை காணப்பட்டால் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவதோடு நிறுத்தலாகாது. குடலின் வலப்புறத்துக் கட்டி கண்ணுக்குப் புலப்படாமற் குருதியைக் கசியவிடும். சோகை ஒன்றே அதன் முதல் அறிகுறியாக அமையக்கூடும்.

எங்கள் பகுதியில் இதனைச் செய்வதில் ஓர் இடர் உண்டு. சுரங்கம் மூடியபின் தங்க வயலிலிருந்தும் பங்காருபேட்டையிலிருந்தும் ஆயிரக்கணக்கான ஆடவரும் பெண்டிரும் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். இருட்டிய பின்னரே வீடு திரும்புகின்றனர். பணியாளர் பகலில் கதவைத் தட்டும்போது வீட்டில் இருப்போர் முதியவரும் குழந்தைகளுமே. கேள்வி கேட்கப்பட வேண்டிய முப்பது, நாற்பது வயதினர் அப்பொழுது இரயிற் பெட்டியிலோ தொழிற்கூடத்திலோ இருக்கின்றனர். அவர்களை ஞாயிற்றுக்கிழமை முற்பகலில்தான் காணமுடியும். பணியாளரின் ஓய்வு நாளும் அதுவே என்பதை அறிவேன். அந்த நாளுக்கு ஈடாக வாரத்தில் வேறொரு நாள் ஓய்வு அளிக்க மாவட்ட அலுவலர்கள் இசைந்தால் இக்கேள்விகள் உரியவர் காதில் விழும்.

'சுற்றுத்திசு' என்னும் சொல்லை அடுத்த பதிப்பின் கலைச்சொற் பட்டியலிற் சேர்க்கப் பரிந்துரைத்துள்ளேன். வகுப்பறையில் இதனைப் பயன்படுத்திப் பார்க்கும் ஆசிரியர்கள், மாணவர்க்கு அது விளங்கிற்றா என்பதை எழுதித் தெரிவிக்க வேண்டுகிறேன்.